கடலுக்குள் கைத்தொலைபேசியா, கேமராவா? நீர்புகா கேமரா வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

தியோமான் தீவு. பள்ளி விடுமுறை. கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினாலே பவளப் பாறைகளும் கோமாளி மீன்களும் தெரியும்.

என் தோழி தன் கைத்தொலைபேசியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். "வாட்டர்ப்ரூஃப் தானே, உறை வேற இருக்கு, பயமே இல்ல" என்றாள். கடலாமை ஒன்று எங்களுக்குக் கீழே நிதானமாக நீந்திப் போனது. அவள் திரையைத் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினாள். கேமரா செயலி மூடிக்கொண்டு வேறு ஏதோ திறந்தது. அதற்குள் ஆமை போயே போய்விட்டது.

அன்று இரவு போனின் ஒலிபெருக்கி கரகரத்தது. சிங்கப்பூர் திரும்பிப் பழுதுபார்க்கும் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். உள்ளே இருந்த சின்ன வெள்ளை அடையாளம் சிவப்பாகிவிட்டதாம். உத்தரவாதம் செல்லாது என்றார்கள்.

ஆமையின் படமும் இல்லை, போனும் போச்சு.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் பலர் கேட்கும் கேள்வி இதுதான்: தண்ணீரில் கொண்டுபோக ஒரு தனிக் கேமரா வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

போன் மேல 'ஐபி68' போட்டிருக்கே, அது போதாதா?

இந்தக் கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஐபி என்பது தூசியும் தண்ணீரும் உள்ளே புகாமல் ஒரு சாதனம் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் அனைத்துலகத் தர எண். ஐஇசி 60529 என்ற தரநிலை அதை வரையறுக்கிறது. முதல் இலக்கம் தூசிக்கு: 0 முதல் 6 வரை. இரண்டாம் இலக்கம் தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதை நிறுவனமே சொல்ல வேண்டும். அதனால் ஒரு போனின் 8-உம் இன்னொரு போனின் 8-உம் ஒன்றல்ல. ஐபோன் 12 முதல் வந்த பல ஐபோன்களுக்கு ஆப்பிள் சொல்வது 6 மீட்டர், 30 நிமிடம். சாம்சுங் தன் கேலக்ஸி வரிசைப் போன்கள் பலவற்றுக்குச் சொல்வது 1.5 மீட்டர், 30 நிமிடம். இரண்டிலும் எழுதியிருப்பது ஐபி68 தான்.

இன்னொன்றும் இருக்கிறது. சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். தண்ணீர் அசையாது, போனும் அசையாது. உப்பு கிடையாது, குளோரின் கிடையாது, அலை கிடையாது. அந்தச் சோதனையில் தேறிய போன் கடலிலும் நீச்சல் குளத்திலும் தாக்குப்பிடிக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

சொன்னது போல் விளம்பரம் செய்ததற்காகவே நிறுவனங்கள் மாட்டிக்கொண்டதும் உண்டு. கடற்கரையிலும் நீச்சல் குளத்திலும் போனைப் பயன்படுத்துவது போல் விளம்பரம் காட்டிய சாம்சுங் ஆஸ்திரேலியாவுக்கு, அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு 14 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அப்படிப் பயன்படுத்திய பிறகு ஈரம் காயாமல் மின்னூட்டினால் மின்னூட்டும் துளை அரித்துப்போக வாய்ப்பிருந்தது என்பதுதான் பிரச்சினை. அதற்கு முன்பு, 2020இல், இத்தாலியின் போட்டித்தன்மை ஆணையம் ஆப்பிளுக்கு 10 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. தண்ணீர் தாங்கும் என்று ஒரு பக்கம் விளம்பரம், தண்ணீரால் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று இன்னொரு பக்கம் நிபந்தனை. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பதே அங்கே எழுந்த கேள்வி.

போன் மழையில் நனையலாம், கழுவுதொட்டியில் தவறி விழலாம். பயமில்லை. தெரிந்தே கடலுக்குள் கொண்டுபோவது வேறு விஷயம்.

அப்புறம் அந்தத் திரை. தொடுதிரை நம் விரலில் இருக்கும் மின்னேற்றத்தை உணர்ந்து வேலை செய்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும், கடல்நீர் இன்னும் நன்றாகவே கடத்தும். ஆகவே திரை முழுவதும் ஒரே நேரத்தில் யாரோ கை வைத்தது போல அது குழம்பிப்போகும். என் தோழியின் போன் செய்தது அதைத்தான். நீர்புகா கேமராக்களில் இன்னமும் கெட்டியான பொத்தான்கள் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே.

'15 மீட்டர்' என்றால் 15 மீட்டரா?

கேமராப் பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் எண் இது. 10 மீ, 14 மீ, 15 மீ, 20 மீ, 30 மீ. எண் பெரிதானால் கேமரா நல்லது என்று நினைக்கத் தோன்றும்.

முதலில், உங்களுக்கு எவ்வளவு ஆழம் தேவை?

முகமூடி, சுவாசக் குழாய் மட்டும் போட்டு நீந்துபவர்கள் பெரும்பாலும் நீர்மட்டத்தில்தான் இருப்பார்கள். மூச்சைப் பிடித்துக் கொஞ்சம் கீழே போனாலும் 3, 4 மீட்டர். அதற்கு 10 மீட்டர் கேமராவே தாராளம். பயிற்றுநருடன் முதன்முறை முக்குளிப்பவர்களைப் பாடி அமைப்பின் அறிமுகத் திட்டத்தில் 12 மீட்டருக்குக் கீழே கொண்டுபோவதில்லை. அதற்கு 15 மீட்டர் கேமரா போதும், ஆனால் இடைவெளி குறைவு.

பாடியின் அடிப்படைச் சான்றிதழ் பெற்றவர்கள் 18 மீட்டர் வரை போகலாம். இங்கேதான் கவனம் வேண்டும். சந்தையில் அதிகம் பேசப்படும் கேமராவின் எல்லை 15 மீட்டர். முக்குளிக்கும் மும்முரத்தில், "இன்னும் ரெண்டு மீட்டர்தானே" என்று இறங்கிவிட்டால் கேமராவின் கதவுக்குத் தெரியாது நீங்கள் சான்றிதழ் வாங்கியவர் என்று. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 10 மீட்டரில் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. முக்குளிப்பவர்கள் கேமராவை மட்டும் நம்பாமல் அதற்கென்று விற்கப்படும் கெட்டியான வெளிக்கூட்டையும் சேர்த்து வாங்கினால்தான் நிம்மதி. அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழத்தோடு நேரமும் உண்டு. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் எனக் கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைவிட முக்கியம், இந்த எண்கள் கேமரா அசையாமல் கிடக்கும்போது உள்ள அழுத்தத்துக்கானவை. படகிலிருந்து கேமராவைக் கையில் பிடித்தபடி குதித்தால், தண்ணீரில் மோதும் அந்த ஒரு கணத்தில் கதவின் மீது விழும் அடி வேறு கணக்கு. பல கையேடுகள் கேமராவோடு தண்ணீரில் குதிக்க வேண்டாம் என்றே எழுதியிருக்கின்றன. நீர் விளையாட்டுப் பூங்காவில் சறுக்கில் இறங்கும்போதும் அப்படித்தான்.

வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரும் தனி வகை. அதற்குரிய எண்கள் 5, 6. ஐபிஎக்ஸ்8 என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தச் சாதனம் பீய்ச்சும் தண்ணீர்ச் சோதனையில் தேறியது என்று அர்த்தமில்லை. இரண்டிலும் தேறியிருந்தால் இரண்டு எண்களையும் போட்டிருப்பார்கள். ஆகவே கடலில் குளித்த கேமராவைக் கழுவுகிறேன் என்று குழாயை முழு வேகத்தில் திறந்து அதன் கதவில் பீய்ச்சி அடிக்காதீர்கள்.

எல்லாம் ஒரு ரப்பர் வளையத்தின் கையில்

நீர்புகா கேமராவின் உடம்பு முழுக்க மூடியது. திறப்பது இரண்டே இடம்: பேட்டரியும் நினைவட்டையும் போடும் கதவு, மின்னூட்டும் கம்பியைச் செருகும் கதவு. சிலவற்றில் இரண்டுக்கும் ஒரே கதவு. கதவின் உள்விளிம்பில் மெல்லிய ரப்பர் விளிம்பு ஒன்று இருக்கும். அது நசுங்கி உட்கார்ந்தால் தண்ணீர் புகாது. அதன் மேல் ஒரே ஒரு தலைமுடி கிடந்தாலும், ஒரு மணல் துகள் இருந்தாலும், அந்த இடத்தில் ஒரு சின்னப் பாதை திறந்துவிடும். அழுத்தம் ஏற ஏறக் கடல் அந்தப் பாதையைக் கண்டுபிடித்துவிடும்.

அதனால் கேமரா வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது கதவை. படத்தின் தெளிவெல்லாம் அப்புறம். பூட்டு இரட்டைப் பூட்டா? அதாவது, தாழ்ப்பாளைத் தள்ளிய பிறகு அது தானாகத் திறக்காமலிருக்க இன்னொரு சிறு தடை இருக்கிறதா? சரியாக மூடவில்லை என்றால் சிவப்பு அல்லது மஞ்சள் நிறக் குறி தெரிகிறதா? கீல் ஆடுகிறதா? கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கேமராவை எடுத்து நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

ரப்பர் நாளடைவில் காய்ந்து இறுகும். ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது நிறுவனங்களின் வழக்கமான ஆலோசனை. சிங்கப்பூரில் அந்தப் பிராண்டுக்குப் பழுதுபார்க்கும் நிலையம் இருக்கிறதா, ரப்பரை மாற்றித் தருவார்களா, எவ்வளவு ஆகும் என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கேட்பவர்கள் மிகக் குறைவு. மூன்று வருடம் ஒழுங்காக வேலை செய்த கேமரா நான்காவது வருடம் திடீரென்று மூழ்கிப் போவது பெரும்பாலும் இந்த ரப்பரால்தான்.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. ஈரப்பதம்.

வெளியில் நின்றுகொண்டு கதவைத் திறந்து பேட்டரி மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். அந்த நேரத்தில் நம் ஊர்க் காற்று, அதன் ஈரத்தோடு, கேமராவுக்குள் போய்விடுகிறது. கதவை மூடுகிறீர்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரில் இறங்குகிறீர்கள். உள்ளே அடைபட்ட ஈரம் லென்ஸ் கண்ணாடியின் உட்புறத்தில் பனி போலப் படிகிறது. வெளியிலிருந்து துடைத்தால் போகாது. அன்றைய படங்கள் எல்லாமே மூட்டமாக இருக்கும். "கேமரா ரிப்பேர்" என்று பலர் கடைக்கு ஓடுவது இதற்காகத்தான்.

வழி எளிது. பேட்டரி, நினைவட்டை இரண்டையும் குளிரூட்டப்பட்ட அறையிலேயே மாற்றிக் கதவை மூடிவிடுங்கள். அங்கே காற்றில் ஈரம் குறைவு. படகில் திறக்கவே வேண்டாம். அதற்கு ஏற்றாற்போல் பெரிய நினைவட்டையும் முழுதாக மின்னூட்டிய பேட்டரியும் இருக்கட்டும். ஒரு முறை மின்னூட்டினால் எத்தனை படம் எடுக்கலாம் என்ற விவரம் இதனால்தான் நீர்புகா கேமராவில் இன்னும் முக்கியமாகிறது. சுமார் 300 படம் எடுக்க முடிந்தால் ஒரு நாள் பயணத்துக்குப் போதும். காணொளி எடுத்தால் அது வேகமாகக் குறையும்.

கீழே விழுந்தா?

2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்று பெட்டியில் படம் போட்டிருப்பார்கள். பல நிறுவனங்கள் அமெரிக்க ராணுவத் தரநிலையான மில்-எஸ்டிடி-810 முறையைச் சொல்லும். அந்தச் சோதனையில் வழக்கமாகப் பொருளைப் போடுவது கான்கிரீட்டுக்கு மேல் விரித்த 5 செண்டிமீட்டர் ஒட்டுப்பலகை மீது. வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் யாரும் பலகை விரித்து வைப்பதில்லை.

உடையாது என்பது வேறு, தண்ணீர் புகாது என்பது வேறு. பலமாக விழுந்த கேமரா பார்க்க நன்றாகவே இருக்கும், கதவு ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். அதனால் விழுந்த பிறகு கடலுக்குக் கொண்டுபோகும் முன், ஒரு வாளித் தண்ணீரில் சோதியுங்கள். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

படம் எப்படி வரும்?

இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கரையில், அதுவும் இரவில், உங்கள் போன்தான் நல்ல படம் எடுக்கும்.

பெரும்பாலான நீர்புகாப் பாக்கெட் கேமராக்களில் இருப்பது சின்ன உணரி. அகலம் ஏறக்குறைய 6.2 மில்லிமீட்டர், உயரம் 4.6. இன்றைய விலை உயர்ந்த போன்களின் முதன்மைக் கேமராவில் இதைவிடப் பெரிய உணரி இருக்கிறது. கேமரா நிறுவனங்கள் ஏன் பெரிய உணரி வைப்பதில்லை? லென்ஸ் வெளியே நீண்டால் அங்கேயும் ஒரு மூடிய இடைவெளி தேவை, தண்ணீர் புக இன்னொரு வழி. அதனால் ஒளியைப் பட்டகத்தால் திருப்பி, ஜூம் லென்ஸ்களைக் கேமராவின் உடம்புக்குள்ளேயே படுக்கவைக்கிறார்கள். வெளியே எதுவும் நீளாது. அந்த இடத்துக்குள் அடங்க உணரி சின்னதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே 20 மெகாபிக்சல், 16, 12 என்ற எண்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இவ்வளவு சின்ன உணரியில் 12 மெகாபிக்சல் போதும். அதைவிட லென்ஸின் துளை எவ்வளவு அகலம் என்று பாருங்கள். எஃப்/2.0 லென்ஸ், எஃப்/3.5 லென்ஸைவிட மூன்று மடங்கு ஒளியை உள்ளே விடும். தண்ணீருக்குள் ஒளிதான் பஞ்சம்.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. சில மீட்டர் இறங்கியதுமே சிவப்புச் சட்டை மங்கிப் பழுப்பாகத் தெரியும், இன்னும் கீழே எல்லாமே நீலம், பச்சை. கேமராவில் நீருக்கடியில் எடுப்பதற்கென்று வண்ணச் சமநிலை முறை இருந்தால் ஓரளவு மீட்கலாம். 'ரா' கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் வீட்டுக்கு வந்து கணினியில் நிதானமாகச் சரிசெய்யலாம்.

இன்னொரு விநோதம்: முகமூடிக்குள்ளிருந்து பார்த்தால் மீன் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும். ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால் அப்படி. கேமராவின் தட்டையான கண்ணாடிக்கும் அதே நிலைதான். அகலமாகப் படம்பிடிக்கும் லென்ஸ் தண்ணீரில் கொஞ்சம் குறுகிவிடும். எனவே ஜூம் எத்தனை மடங்கு என்பதைவிட எவ்வளவு அகலமாகத் தொடங்குகிறது என்று பாருங்கள். 24, 25 மில்லிமீட்டர் என்றால் நல்லது. 28 என்றால் நண்பர்கள் எல்லாரையும் ஒரே படத்தில் அடக்கப் பின்னால் நீந்த வேண்டியிருக்கும்.

சிங்கப்பூர்க் கடலில் தண்ணீர் கலங்கலாக இருக்கும். சகோதரிகள் தீவுகளைச் சுற்றியுள்ள கடற்பூங்காவில் முக்குளித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பல நாள்களில் சில மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட தண்ணீரில் ஃபிளாஷ் அடித்தால் மிதக்கும் துகள்கள்தான் வெளிச்சமாகிப் படம் முழுக்கப் பனி பெய்தது போல் இருக்கும். ஃபிளாஷை அணைத்துவிட்டு மிக அருகில் போய் எடுப்பதே வழி. அதனால் நம் ஊருக்கு, மிக அருகில் எடுக்கும் வசதிதான் கேமராவின் பெரிய பலம். ஒரு செண்டிமீட்டர் தூரத்தில் கூடத் தெளிவாக எடுக்கும் கேமராக்கள் உண்டு. புலாவ் உபினின் செக் ஜாவாவில் கடல் உள்வாங்கும் நேரத்தில் நண்டுகளையும் கடற்புற்களையும் பார்க்கப் போகிறவர்களுக்கு இது மீனைத் துரத்துவதைவிட மகிழ்ச்சி தரும். பார்ப்பவற்றைத் தொடாமல், மிதிக்காமல் எடுங்கள்.

சரி, எதை வாங்குவது?

பாக்கெட்டில் அடங்கும் நீர்புகா கேமரா ஒரு காலத்தில் எல்லா நிறுவனங்களும் செய்த பொருள். ஒலிம்பஸ் 2006இல் மியூ 720 எஸ்டபிள்யூ என்ற கேமராவை வெளியிட்டபோது 3 மீட்டர் ஆழமும் 1.5 மீட்டர் உயரமும் தாங்குவதே பெரிய செய்தி. பிறகு நிக்கான், பேனசோனிக், ஃபியூஜிஃபிலிம், சோனி எல்லாம் வந்தன. போன்கள் தண்ணீர் தாங்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக ஒதுங்கின. இன்று தெரிவு குறைவு, அது ஒருவிதத்தில் நமக்கு வேலையை எளிதாக்குகிறது.

ஓஎம் சிஸ்டம் டஃப் டிஜி-7: ஒலிம்பஸ் தன் கேமராத் தொழிலைப் பிரித்துக் கொடுத்த பிறகு, 2023இல் வந்தது. 15 மீட்டர் ஆழம், 2.1 மீட்டர் உயரம், எஃப்/2.0 லென்ஸ், 25 மில்லிமீட்டரிலிருந்து தொடங்கும் 4 மடங்கு ஜூம், 1 செண்டிமீட்டரில் எடுக்கும் நுண்ணோக்கி முறை, ரா கோப்பு, 12 மெகாபிக்சல். 2019இல் வந்த டிஜி-6உடன் ஒப்பிட்டால் படத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. யுஎஸ்பி-சி வழியாக மின்னூட்டலாம் என்பது முக்கிய மாற்றம். அமெரிக்காவில் அறிமுக விலை 549.99 அமெரிக்க டாலர். விலை அதிகம்தான். இருந்தாலும் தண்ணீருக்குள் படம் எடுப்பதே உங்கள் நோக்கம் என்றால் என் முதல் தெரிவு இதுதான். நல்ல நிலையில் டிஜி-6 குறைந்த விலைக்குக் கிடைத்தால், அதுவும் மோசமில்லை.

ரிக்கோவின் டபிள்யூஜி வரிசை: டபிள்யூஜி-6 கேமரா 20 மீட்டர் வரையும், டபிள்யூஜி-80, 90 கேமராக்கள் 14 மீட்டர் வரையும் தாங்கும். லென்ஸைச் சுற்றிச் சின்ன விளக்குகள் உண்டு, நெருக்கத்தில் எடுக்கும்போது உதவும்.

கோடாக் பிக்ஸ்ப்ரோ டபிள்யூபிஇசட்2: 15 மீட்டர். விலை குறைவு, படமும் அதற்கேற்றபடி. தம்பி தங்கைக்கு நீச்சல் குளத்தில் கொடுக்க, தொலைந்தாலும் அழாமலிருக்க, சரி.

பழைய கேமராக்களில் நிக்கான் டபிள்யூ300 30 மீட்டர், பேனசோனிக் எஃப்டி7 31 மீட்டர் என்று எழுதியிருக்கும். இரண்டும் 2017, 2018 காலத்தவை. இரண்டாம் கையாக விற்பனைக்கு வந்தால் அந்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது ரப்பர் புதிதாக இருந்தபோது உள்ள எண்.

காணொளிதான் உங்களுக்கு முக்கியம் என்றால் வேறு பக்கம் பாருங்கள். கோப்ரோ கேமராக்கள் பலவும் வெளிக்கூடு இல்லாமலேயே 10 மீட்டர் தாங்கும், டிஜேஐ ஓஸ்மோ ஆக்‌ஷன் 5 புரோ 20 மீட்டர். ஆட்டம் இல்லாத காணொளி, அகலமான காட்சி. ஆனால் ஜூம் கிடையாது, ஃபிளாஷ் கிடையாது, நண்டை நெருங்கி எடுக்கவும் சரிப்படாது. கயாக், சைக்கிள், படகுப் போட்டிக்கு இவை. மீன், பவளம், பூச்சிக்குக் கேமரா. இரண்டும் வேண்டும் என்றால் பணத்தைச் சேமியுங்கள், வேறென்ன சொல்ல.

எதை வாங்கினாலும் மிதக்கும் வார் ஒன்றையும் வாங்குங்கள். இந்தக் கேமராக்கள் தண்ணீரில் மிதக்காது. டிஜி-7 சுமார் 249 கிராம், கையிலிருந்து நழுவினால் நேரே அடிக்குத்தான். வார் கேமராவின் எடையைத் தாங்குமா என்று வீட்டில் வாளியில் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கே வாங்குவது?

சிங்கப்பூர்க் கடைகளில் 'லோக்கல் செட்', 'எக்ஸ்போர்ட் செட்' என்று இரண்டு விலை சொல்வார்கள். இரண்டாவது, வேறு வழியில் இறக்குமதி செய்யப்பட்டது. சட்டவிரோதம் இல்லை, ஆனால் நிறுவனத்தின் உள்ளூர் உத்தரவாதம் இருக்காது. கடையின் சொந்த உத்தரவாதம் மட்டும்தான். சாதாரணக் கேமராவென்றால் பரவாயில்லை எனலாம். ரப்பர் மாற்ற ஆண்டுதோறும் போக வேண்டிய கேமராவுக்கு நான் லோக்கல் செட்தான் வாங்குவேன்.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள 'லெமன் லா' விதிகள் உங்களுக்குத் துணை. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்த குறை என்றே பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது கடையின் பொறுப்பு. வாங்கியவர் தவறாகப் பயன்படுத்திச் சேதப்படுத்தினால் அது பொருந்தாது. அதனால்தான் கதவைச் சரியாக மூடினீர்களா என்ற கேள்வி வந்து நிற்கும். வாங்கிய முதல் வாரத்திலேயே வீட்டில் சோதித்து, அதைக் காணொளியாகவும் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். தகராறு வந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்.

கேரோசெல் போன்ற தளங்களில் தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்தச் சட்டம் வணிகர்களுக்குத்தான். ஆகவே நேரில் பாருங்கள். பேட்டரி அறைக்குள் பச்சை அல்லது வெள்ளைப் படிவு இருந்தால் உப்புத்தண்ணீர் ஏற்கெனவே வந்து போயிருக்கிறது, திரும்பிப் பார்க்காமல் கிளம்புங்கள். விற்பவர் சம்மதித்தால் வாளிச் சோதனை செய்யுங்கள். பேட்டரியையும் நினைவட்டையும் எடுத்துவிட்டு, உள்ளே ஒரு துண்டு டிஷ்யூ தாளை வைத்து மூடி, அரை மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். தாள் காய்ந்திருந்தால் சரி. இது 10 மீட்டர் ஆழத்துக்கு உறுதி தராது, மோசமான கேமராவை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால் 9 விழுக்காடு பொருள், சேவை வரியை மறக்காதீர்கள். 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருள் என்றால் சிங்கப்பூருக்குள் வரும்போது வரி கட்ட வேண்டியிருக்கும். திரையில் தெரியும் மலிவு விலை வீட்டுக்கு வரும்போது அவ்வளவு மலிவாக இருக்காது.

கடலிலிருந்து வந்ததும்

உப்பு காயக் காயப் படிகமாகிப் பொத்தான்களின் இடுக்கில் இறுகும். அதனால் கரையேறியதும் கதவைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். ஊறும்போது எல்லாப் பொத்தான்களையும் அழுத்தி அழுத்தி விடுங்கள். துடைத்து, நிழலில் நன்றாகக் காயவைத்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். சோப்பு, வெந்நீர், முடி உலர்த்தி எதுவும் வேண்டாம். வெயில் காப்புக் களிம்பு பூசிய கையால் ரப்பரைத் தொடவும் வேண்டாம்.

எல்லாம் செய்தும் தண்ணீர் புகுந்துவிட்டால்?

உடனே அணையுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி முடுக்காதீர்கள், அந்த ஆசையில்தான் பல கேமராக்கள் செத்திருக்கின்றன. பேட்டரியைக் கழற்றுங்கள். உப்புத்தண்ணீர் பட்ட லித்தியம் பேட்டரியை மீண்டும் மின்னூட்ட வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அரிசிப் பானையில் புதைக்கவும் வேண்டாம். அரிசித் தூசு உள்ளே போவதுதான் மிச்சம். ஈரமான ஐபோனை அரிசியில் வைக்காதீர்கள் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது.

நினைவட்டையை மட்டும் தனியாக எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுக் கணினியில் போட்டுப் பாருங்கள். கேமரா போனாலும் அட்டை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆமை அதில் இருக்கக்கூடும்.